நெல் தூவும் காட்சி

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் அசீமின் செல்போன் கடைக்கு வருகிறவர்கள் இந்தப் பாட்டு வேண்டும் என்று கேட்பதில்லை. மெமரி கார்டை நீட்டுவார்கள். அசீம் 'புதுசு' என்ற ஃபோல்டரை அப்படியே அதில் ஏற்றிக் கொடுத்துவிடுவான். பாட்டு, காமெடி, பக்தி எல்லாம் கலந்து கிடக்கும். நோன்பு திறக்கும் அவசரத்தில் ஒருநாள் தன் செல்லில் எடுத்த வீடியோவையும் அதிலேயே போட்டுவிட்டான்.

வீடியோவில் இருந்தவன் ஞானதாஸ்.

ஏகாம்பரம் ரைஸ்மில்லில் மூட்டை தூக்குகிறவன். முதலாளி ஏகாம்பரத்தின் ஒரே மகன் ஸ்ரீகாந்த், சென்னையில் படிப்பை முடித்து லேப்டாப்போடு வந்திருந்தான். கூலிங் கிளாஸ் மாட்டிக்கொண்டு மில் களத்தில் ஆடி, அதை இன்டர்நெட்டில் போடுவான். போன மாதம் ஆடியபோது இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று அவன்மேல் நெல் தூவினார்கள். ஞானதாஸும் தூவினான். செல்லை ரிப்பேருக்குக் கொடுக்கப் போன இடத்தில் செல்லில் எடுத்துக்கொண்டிருந்த அசீமுக்கு ஸ்ரீகாந்தை நடித்துக் காட்டினான். இடுப்பை ஒடித்து, "ஹாய் ஃப்ரெண்ட்ஸ்" என்று வாயைத் திறக்க, வாய் நிறைய நெல் விழுந்த மாதிரி முழித்தான். துப்பிக்கொண்டே கேமராக்காரனைப் பார்த்து, "கட்டு, கட்டு."

பெருநாள் வருவதற்குள் திருப்புலிவனம் டீக்கடை வரை அது போய்விட்டது. யாரோ ஒருவர் தோளில் தட்டி, "சூப்பர் பா" என்றபோதுதான் ஞானதாஸுக்கு விஷயம் தெரிந்தது. அசீமின் கடைக்கு ஓடினான்.

"இன்னா பா பண்ணி வச்ச?"

"அல்லா மேல ஆண, தெரியாம பூட்ச்சிண்ணே. அழிச்சிட்டேன்."

"நீ அழிச்சிட்ட. ஊர்ல கீதே?"

அசீம் தலையைச் சொறிந்தான். "ரெண்டு நாளு மில்லுக்குப் போவாதண்ணே."

"போவலன்னா நாந்தான்னு ஒத்துக்கினாப்ல ஆயிடும்."

"மூஞ்சி உன்து. இன்னும் ஒத்துக்கறதுக்கு இன்னா கீது?"

போன வருஷம் ஸ்ரீகாந்தை எதிர்த்துப் பேசிய லாரி டிரைவரை உமிக் கொட்டகைக்குள் கூப்பிட்டார்கள். அவன் கையில் கட்டோடு ஊர் போய்ச் சேர்ந்தான். வண்டியிலிருந்து விழுந்தேன் என்று அவனே சொன்னான். யாரும் நம்பவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

ஞானதாஸின் மனைவி சோபியா அதே மில்லில் நெல் காயவைக்கிறவள். "பெருநகர் ஊர்ல எங்கண்ணன் வூடு கீது. இப்பவே போயிடலாம், வாய்யா."

"ஓடுனா தேடிக்கினு வந்து அடிப்பான். நேர்ல போனா ஒருவேள சிரிச்சிட்டு உட்ருவான்."

காலையில் இரண்டு பேரும் மில்லுக்குப் போனார்கள். ஸ்ரீகாந்த் களத்தின் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான்.

"வா ஸ்டாரு. என்ன வுட நல்லா பண்ற. இன்னொரு தபா பண்ணு. நானே எடுத்து நெட்ல போடறேன்."

ஆட்களையெல்லாம் கூப்பிட்டு வட்டமாக நிற்க வைத்தான். தன் கூலிங் கிளாஸைக் கழற்றி ஞானதாஸுக்கு மாட்டிவிட்டான். "சிரிப்பு வரணும். வரலன்னா பாத்துக்க."

சிரிப்பு வராவிட்டால் அடி. வந்தால் அதைவிட அடி. ஞானதாஸ் இடுப்பை ஒடித்தான். வாயைத் திறந்தான். யாரும் அவனைப் பார்க்கவில்லை. எல்லார் கண்ணும் ஸ்ரீகாந்தின் முகத்தில் இருந்தது. "கட்டு, கட்டு" என்றபோது அது அழுகை மாதிரி வந்தது.

அப்போது ஆபீஸ் வாசலில் ஒரு சிரிப்பு வெடித்தது. ஏகாம்பரம். மில்லில் அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "டேய் ஸ்ரீகாந்த்து, அச்சு அசலா நீதான்டா! அதே கோணல், அதே தண்டச்சோறு!" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு நாஷ்டாவுக்கு வீட்டுக்குப் போய்விட்டார்.

முதலாளி சிரித்துவிட்டாரே என்று ஆட்களும் சிரித்தார்கள். அடக்கிவைத்ததெல்லாம் சேர்ந்து வந்தது. பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். சோபியா மட்டும் சிரிக்கவில்லை.

ஸ்ரீகாந்த் கூலிங் கிளாஸைத் திரும்ப வாங்கிக்கொண்டு செல்லைச் சட்டைப்பையில் போட்டான். கோபப்படவில்லை. "எல்லாம் போய் டீ குட்ச்சிட்டு வாங்க. ஞானதாஸு, நீ இரு."

ஆட்கள் வெளியே போனார்கள். சோபியா கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டாள். ஸ்ரீகாந்த் உமிக் கொட்டகையின் தாழ்ப்பாளை நீக்கிக்கொண்டே சொன்னான். "கேட்ட சாத்திட்டு வா."

ஞானதாஸ் கேட்டுக்கு நடந்தான். ஒரு கதவை இழுத்தான். மற்றதைப் பிடித்தான். சோபியாவின் முகம் தெரிந்தது. வெளியே காலை வைத்தான். கதவை இழுத்து வெளிப்பக்கச் சங்கிலியை மாட்டினான்.

"ஓடாத," என்றாள் சோபியா. "ஓடுனா ஜனம் பாக்கும்."

நடந்தார்கள். பின்னால் இரும்பு கேட் அதிர்ந்தது. ஸ்ரீகாந்த் ஆட்களின் பெயரைச் சொல்லிக் கத்தினான். டீக்கடைப் பக்கமிருந்து யாரோ ஓடிவரும் சத்தம். பெருநகர் பஸ் வந்தது. கை காட்டி ஏறினார்கள். பஸ் நகர்ந்தபோதுதான் ஞானதாஸ் மூச்சு விட்டான். இனி ஸ்ரீகாந்துக்கு நாம் எங்கே போனோம் என்று தெரியாது.

கண்டக்டர் டிக்கெட் கிழிக்க வந்தவர் குனிந்து அவன் முகத்தைப் பார்த்தார். பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

"அட, இங்க பாருங்கப்பா யாரு வந்துகிறாருன்னு!"

பஸ் முழுக்கத் திரும்பியது. முன் சீட்டில் ஒருவர் வீடியோ எடுக்கச் செல்லை நீட்டினார்.