சட்டை கழற்றாத மனிதர்

"சட்டைய கழட்டுங்கப்பா, வெயில் ஏறுது" என்று திம்மப்பன் குரல் கொடுத்ததும் ராஜாத்தி முன்னால் வந்தாள். வாசலில் பெஞ்சு போட்டு அவள் கணவர் கோவிந்தப்பனின் உடம்பைக் கிடத்தியிருந்தார்கள். குளிப்பாட்டத் தண்ணீர், எண்ணெய், சீயக்காய் எல்லாம் தயார்.

"சட்டையோடவே ஊத்திடுங்க மாமா."

"ஊருல இல்லாத வழக்கமா சொல்றியேம்மா!"

திம்மப்பன் பங்காளி, இறந்தவருக்கு அண்ணன் முறை. 'சண்டையில இவன் எங்க பதுங்கிக் கெடந்தானோ' என்று டீக்கடையில் சிரித்த வாய் அது.

கார்கிலில் நின்றவர் கோவிந்தப்பன். பிறகு சூளகிரியில் ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி. நேற்று மதியம் அங்கேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழவில்லை.

கல்யாணமான புதிதிலேயே அவர் முதுகில் இரண்டு தழும்புகளைப் பார்த்துவிட்டாள் ராஜாத்தி. ஒன்று தோளுக்குக் கீழே, விரல் நுழையும் பள்ளம். மார்பிலோ ஒரு கீறல்கூட இல்லை. முதுகில் பட்டிருந்தால் ஓடும்போது பட்டது என்றுதானே ஊர் சொல்லும்? அவளுக்கே அந்தச் சந்தேகம் இருந்தது, அதுதான் கொடுமை. என்ன பதில் வருமோ என்று இருபத்து நான்கு வருஷமாகக் கேட்கவே இல்லை. மாரியம்மன் திருவிழாவில் ஆண்கள் எல்லாம் வெற்றுடம்போடு நிற்க, இவரை மட்டும் பனியனோடு அனுப்புவாள். "எனக்கு மட்டும் குளிருதாடி?" என்று சிரித்துக்கொண்டே போட்டுக்கொள்வார்.

யாரோ சட்டையைக் கத்தரித்தார்கள். உடம்பைப் புரட்டிய திம்மப்பனின் கை அப்படியே நின்றது.

"என்னாம்மா இது? முதுகுலயா பட்டுது?"

மகள் சுவாதி அம்மாவைப் பார்த்தாள். ராஜாத்தி கத்தரித்த சட்டையை எடுத்து முதுகை மூடப் போனாள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு, ஒரு கால் செயற்கைக்காலாக, கம்பு ஊன்றி ஒருவர் வந்தார். "கிருஷ்ணகிரி லால் பாஷாம்மா" என்றார். மாதம் ஒருமுறை மிலிட்டரி கேண்டீனில் பார்க்கும் நண்பர் என்று கணவர் சொல்லியிருக்கிறார். குடிகாரக் கூட்டாளி என்று இவள் திட்டியிருக்கிறாள்.

பாஷா அந்தப் பள்ளத்தின் மேல் உள்ளங்கையை வைத்தார்.

"இது எனக்கு வந்த குண்டும்மா. கால் போயி கெடந்தேன். மேலேருந்து சுட்டுக்கிட்டே இருக்கான். 'நீ ஓடிப் போடா'ன்னேன். போகல. எம்மேல குப்புறப் படுத்துக்கிட்டான். ரெண்டு குண்டு வாங்கியும் பொழுது சாயற வரைக்கும் எந்திரிக்கல." நிமிர்ந்து பார்த்தார். "உங்ககிட்ட சொல்லலையா?"

"நான் கேக்கலீங்க."

"வீட்ல சொல்லுடான்னு எத்தன தடவ சொல்லியிருப்பேன். 'அவ கேட்டா சொல்றேன்'னே சொல்லிட்டிருந்தான்."

திம்மப்பன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு, உடம்பைத் திருப்பிப் போடக் குனிந்தார்.

"திருப்பாதீங்க மாமா" என்றாள் ராஜாத்தி. "முதுகுக்கு நல்லா ஊத்துங்க. எல்லாரும் பாக்கட்டும்."

சீயக்காய்க் கிண்ணத்தோடு பெஞ்சருகே மண்டியிட்டுத் தானே தேய்த்தாள். திம்மப்பன் ஊற்றினார். எல்லாத் தண்ணீரும் வழிந்த பிறகும் அந்தப் பள்ளத்தில் கொஞ்சம் தேங்கி நின்றது. முந்தானை நுனியால் ஒற்றி எடுத்தாள்.