மேல் வயல் தண்ணீர்

எனக்குக் கோபம் வந்தால் காது அடைத்துப்போகும். அந்தக் கோபத்தில்தான் என் தம்பி ரங்கனைத் தொலைத்தேன்.

ஒல்லாந்தர்கள் பழவேற்காட்டுக் கோட்டையில் இருந்த காலம். காட்டூரில் எங்கள் நைனா விட்டுப்போன நிலத்தில் மேல் வயல் ரங்கனுக்கு, கீழ் வயல் எனக்கு. ஏரித் தண்ணீர் மடையில் நுழைந்து, அவன் வயல் முழுக்கப் படர்ந்து, பிறகுதான் வரப்பிலுள்ள வாமடை வழியாக எனக்கு வரும். அடியில் ஓட்டை போட்ட வட்டிலைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, அது முங்கும் நேரத்தை வைத்து அளப்போம். எங்கள் இருவர் முறைக்கும் சேர்த்து ஐந்து வட்டில் நேரம்.

நாற்று நட்ட புதிதில் இரண்டு வட்டில் முங்குவதற்குள் தண்ணீர் என் வயலுக்கு வந்துவிட்டது. இரண்டு மாதம் கழித்து ஐந்து முங்கியும் வரவில்லை. முறை முடிந்ததென்று மடையை அடைத்துவிட்டார்கள். வெடித்த மண்ணில் என் பயிர் காய்ந்தது.

"இன்னாடா, உள்ள அணை கட்டிக்கினியா?" என்று ரங்கனைக் கேட்டேன்.

"வரப்புல கையே வெக்கல அண்ணா. குப்பத்து மீன் கழிவு போட்டேன் இல்ல, பயிரு நெருக்கமா தூர் கட்டிக்கிச்சு. தண்ணி அதுல சிக்கிக்கினு மெதுவா வருது."

"நெல்லுக்குக் கை இருக்குதா, தண்ணிய புடிச்சு வெக்க?"

கோயிலில் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்தான். ஊரே நம்பியது. "சாமியையும் ஏமாத்துறான்" என்றேன் நான். அவன் முகம் செத்துப்போனது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. நான்காம் நாள் ஒல்லாந்தர் கப்பலில் ஏறிக் கடலுக்கு அப்பால் பத்தாவியாவுக்குப் போய்விட்டான்.

அடுத்த முறையில் மூன்றாவது வட்டில் முங்குவதற்குள் தண்ணீர் ஓடி வந்தது. "பாத்தீங்களா, திருடன் போனான், தண்ணி வந்துச்சு" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். அவன் பெண்டாட்டி நாகம்மாள் ஏதோ சொல்ல வந்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவன் வயலில் காலும் வைக்கவில்லை.

என் பயிர் பிழைத்து நன்றாகவே விளைந்தது. ரங்கன் வயல் அறுவடைக்கு நாகம்மாள் தனியாக நின்றாள். ஊர் வாய்க்குப் பயந்து அரிவாளோடு போனேன்.

அறுத்துக்கொண்டே பாதி வயல் போனதும் என் கைக்குப் பயிர் அகப்படவில்லை. இருபுறமும் கதிர் சாய்ந்து மூடியிருந்த இடத்தில், இரண்டு முழ அகலத்துக்கு ஒரு தாள்கூட இல்லை. மடையிலிருந்து என் வாமடை வரை நேராக, வேரோடு பிடுங்கிய தடம்.

"கப்பலேறுறதுக்கு மொத நாளு பூரா குனிஞ்சு புடுங்கினாரு" என்றாள் நாகம்மாள். "அண்ணன் பயிரு காயுதுன்னாரு."

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். வாய்விட்டு அழுதேன்.

"கப்பல் எப்பம்மா திரும்பும்?"

அவள் அரிந்த கதிரைக் கட்டிக்கொண்டே இருந்தாள்.

"உங்களுக்கு எதுக்கு மாமா? தண்ணிதான் வந்துடிச்சே."