துண்டுக்குள் மூன்றாவது கை

என் மகள் ராஜமேரி படிக்கிற புத்தகத்தில் ஒரு பெரிய பொய் இருக்கிறது. தர்மபுரியில் பி.யு.சி. படிக்கிறாள், பொருளியல் பாடமாம். எழுபத்து நாலாம் வருஷத்துப் பஞ்சத்தில், ஒரு சாயங்காலம், அதை உரக்கப் படித்தாள்.

“சந்தையில் வாங்குவோர், விற்போர் அனைவருக்கும் விலையைப் பற்றிய முழு அறிவு உண்டு எனக் கொள்வோம்.”

கயிறு திரித்துக்கொண்டிருந்த எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “கொள்வோம்னா என்னாடி?”

“அப்பிடி இருக்குதுன்னு வெச்சுக்கறதுப்பா.”

“வெச்சுக்குவாங்க, வெச்சுக்குவாங்க. எழுதனவன் ஒரு நாளாச்சும் மாட்டுச் சந்தையப் பாத்திருப்பானா?”

நான் மாட்டுத் தரகன். சவரி என்றால் கடத்தூர்ப் பக்கம் தெரியாதவர்கள் இல்லை. எங்கள் தொழிலில் விலையை வாயால் சொல்வதில்லை. சொன்னால் மாட்டுக்கு ஆகாது என்பார்கள். தோளில் கிடக்கிற துண்டை எடுத்துக் கைமேல் போட்டு, வாங்குகிறவன் கையை அதற்குள் பிடிப்பேன். ஒரு விரலைப் பிடித்தால் ஒரு நூறு. அடுத்த விரலின் நுனியையும் சேர்த்து அழுத்தினால் நூற்றிருபத்தைந்து. பிறகு விற்கிறவனிடம் போய் அவன் கையைப் பிடிப்பேன். இரண்டு பேருடைய மனசும் தெரிந்தவன் நான் ஒருவன்தான். பணமும் என் கை வழியாகத்தான் போகும். அவன் கொடுத்ததற்கும் இவன் வாங்கியதற்கும் நடுவில் இருப்பது என் மடியில். முழு அறிவாம், மண்ணாங்கட்டி.

ஆனால் அன்றைக்குச் சிரித்த சிரிப்பு பாதியில் நின்றுபோனது. முழு அறிவு உள்ள ஒருவனை எனக்குத் தெரியும். அவன் பெயர் அருள்நாதன். அவன் செத்து எட்டு வருஷம் ஆகியிருந்தது.

எங்கள் மாதா கோயில் பங்கைச் சேர்ந்தவன்தான். கரும்பு ஆலையில் கொடுத்து, வலது கை மோதிர விரல் பாதி போனவன். அறுபத்தாறில் மழை சுத்தமாகப் பொய்த்தது. வைகாசியில் அவன் ஒரு ஜோடிக் காளையைச் சந்தைக்கு ஓட்டி வந்தான். அவன் பெண்டாட்டி மிக்கேலம்மாளுக்கு வயிற்றில் கட்டி. ஆபரேஷனுக்கு இருநூறு ரூபாய் ஆகும் என்று சேலத்தில் சொல்லிவிட்டார்கள்.

வந்தவன் மனசில் இருந்ததையெல்லாம் என்னிடம் கொட்டினான். “எனக்கு எரநூறு போதுங்கண்ணா. ஒரு மாடு எரநூறுக்குப் போச்சுன்னா இன்னொண்ண வெச்சுக்குவேன். எங்க பெரியண்ணன்கிட்ட ஒத்த மாடு நிக்குது. ரெண்டு பேரும் கூட்டு ஏரு கட்டிக்குவோம்.”

பாவி, அதைப் போய்த் தரகனிடமா சொல்வது?

அந்த வருஷம் எல்லோரும் ஒரே மூச்சில் மாட்டை ஓட்டிக்கொண்டு வந்தார்கள். தீவனம் இல்லை, தண்ணீர் இல்லை. வாங்குகிறவன் புளியமரத்து நிழலில் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஆனாலும் ஆனேக்கல் பக்கத்திலிருந்து வந்த கன்னட வியாபாரி கிருஷ்ணப்பன் நல்ல மாட்டைப் பார்த்தால் விடமாட்டான். அங்கே மழை உண்டு. அருள்நாதனுடைய காளைகளைச் சுற்றி வந்து பல்லைப் பார்த்தான். துண்டுக்குள் என்னுடைய இரண்டு விரலைப் பிடித்தான். தலைக்கு இருநூறு.

நான் அருள்நாதனிடம் போனேன். துண்டைப் போட்டேன். ஒரு விரலையும் அடுத்ததின் நுனியையும் அழுத்தினேன்.

அவன் என் கையை விடவே இல்லை. அந்தப் பாதி விரல் என் உள்ளங்கையில் முட்டிக்கொண்டு இருந்தது. “அவ்ளோதானாண்ணா?” என்றான்.

“பஞ்சம்டா அருளு. நானென்ன பண்ணட்டும்? எனக்கே வயிறு எரியுது,” என்றேன். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான்.

ஒரு மாடு நூற்றிருபத்தைந்து என்றால் ஒன்றை விற்று அவனுக்கு ஆகாது. கொஞ்ச நேரம் மாட்டின் முதுகைத் தடவிக்கொண்டு நின்றான். “அப்ப ரெண்டயும் குடுத்துருங்க,” என்றான். கிருஷ்ணப்பன் கொடுத்தது நானூறு. நான் அவனிடம் எண்ணிக் கொடுத்தது இருநூற்றைம்பது. மிச்சம் நூற்றைம்பதில் என் வீட்டுக்கு ஓடு போட்டேன்.

மிக்கேலம்மாள் பிழைத்து வந்தாள். ஆடியில் மழை கொட்டியது. விற்ற அத்தனை பேரும் மாடு வேண்டுமென்று சந்தைக்கு ஓடி வந்தார்கள், ஜோடி எண்ணூறு என்றாகிவிட்டது. அருள்நாதன் மிச்சமிருந்த ஐம்பது ரூபாயைக் கசக்கிப் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்து ஒற்றை மாடு ஏதாவது கிடைக்குமா என்று கேட்டான். “அம்பது ரூவாய்க்கு வாலு கூட வராதுடா,” என்று சொல்லிச் சிரித்தேன். பக்கத்தில் நின்றவர்களும் சிரித்தார்கள்.

அவன் பெரியண்ணனின் ஒற்றை மாட்டுக்கு ஜோடியாக நுகத்தடியின் மறுபக்கத்தைத் தன் தோளில் வைத்துக்கொண்டான். மூன்று நாள் இழுத்தான். நான்காம் நாள் சால் திரும்புகிற இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குப்புற விழுந்தான். மாடு நின்றுவிட்டதாம். பெரியண்ணன்தான் நுகத்திலிருந்து அவிழ்த்துத் தூக்கி வந்தான்.

அடக்கத்துக்குப் போனேன். ஆபரேஷன் செய்த வயிற்றைக் கையால் பிடித்துக்கொண்டு மிக்கேலம்மாள் அழுதாள். “ரெண்டு மாட்டயும் நாந்தான தின்னேன். மாட்டத் தின்னுட்டு உன்னயும் தின்னுட்டேனே.” எல்லோரும் அவளைத் தேற்றினார்கள். நான் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து அடுத்த சந்தை. ஒரு பசுவுக்கு விலை. துண்டுக்குள் கிருஷ்ணப்பன் கையைப் பிடித்தேன். அவன் கை வெண்ணெய் மாதிரி இருக்கும். அதைப் பிடித்திருக்கும்போதே இன்னொரு கை உள்ளே வந்தது. சொரசொரப்பான கை, மண் காய்ந்த கை. என் இரண்டு விரலைப் பிடித்து அழுத்தியது. பாதி விரல் ஒன்று என் உள்ளங்கையில் முட்டியது.

துண்டை உதறினேன். கிருஷ்ணப்பன் கை மட்டும்தான் இருந்தது. “ஏனாயித்து?” என்றான், என்ன ஆச்சு என்று.

அதன்பிறகு அந்தக் கை வராத சந்தையே இல்லை. பட்டப்பகலில், ஆயிரம் பேருக்கு நடுவில் வரும். நேராக விலை சொல்ல நினைக்கிற அன்றைக்குச் சும்மா தொட்டுக்கொண்டு இருக்கும். குறைத்துச் சொல்ல நினைத்தால் இரண்டு விரலையும் பிடித்துக்கொள்ளும், விடாது. துண்டை எரித்துவிட்டுப் புதுசு வாங்கினேன். மணிக்கட்டில் செபமாலையைச் சுற்றிக்கொண்டேன். இடது கைக்கு மாறினேன். இடது கைக்கும் வந்தது.

கூட்டாளித் தரகர் ஜமீரிடம் மட்டும் சொன்னேன். “குத்தமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்னு சொல்லுவாங்க. உங்களுக்குக் கையில குறுகுறுக்குது,” என்றார். “போயி அந்தப் பொம்பளகிட்டச் சொல்லிருங்க.”

பங்குச் சாமியாரும் அதையேதான் சொன்னார். எடுத்ததை உரியவளிடம் கொடு என்றார். நான் நூற்றைம்பதைக் கோயில் உண்டியலில் போட்டேன். மிக்கேலம்மாளிடம் கொடுத்தால் எதற்கு என்று கேட்பாளே. சொன்னால் அவள் நெஞ்சில் இருக்கிற பாரம் இறங்கும், எனக்குத் தெரியும். ஆனால் என் தொழில் போகும், பேர் போகும், ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் நிற்க முடியாது. எட்டு வருஷம் அவளுக்குத் தெரியாமலே பார்த்துக்கொண்டேன். வருஷா வருஷம் கல்லறைத் திருநாளில் அவள் அவன் குழிமேல் மெழுகுவத்தி வைத்துவிட்டு அதே சொல்லைச் சொல்லி அழுவாள். நான் நாலு குழி தள்ளி என் அப்பனுக்கு மெழுகுவத்தி கொளுத்திக்கொண்டிருப்பேன். காதில் விழாத மாதிரி இருப்பேன்.

ராஜமேரி பக்கத்தைத் திருப்பிப் படித்தாள். “ஒன்றைப் பெறுவதற்காக நாம் கைவிடும் அடுத்த நல்ல வாய்ப்பே அதன் உண்மையான செலவு.”

“போதும், மூடி வையி,” என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போல. அவள் பயந்துபோய்ப் புத்தகத்தை மூடினாள். நான் அண்ணாந்து கூரை ஓடுகளைப் பார்த்தேன். அந்த ஓட்டுக்கு உண்மையான செலவு என்ன என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

அடுத்த சந்தைக்கு மிக்கேலம்மாள் வந்தாள். இரண்டு காளைக் கன்றுகளை வளர்த்து ஆளாக்கியிருந்தாள். இரண்டையும் கயிறு பிடித்து ஓட்டி வந்து, வேறு எந்தத் தரகனிடமும் போகாமல், நேராக என் முன்னால் நிறுத்தினாள்.

“கெணத்த இன்னும் ரெண்டு மட்டு ஆழமா வெட்டோணுங்கண்ணா. முந்நூறு கேக்கறாங்க. நீங்க பாத்து முடிச்சுக் குடுங்க. அன்னிக்கு அவருக்கும் நீங்கதான முடிச்சுக் குடுத்தீங்க.”

அவள் குத்திக் காட்டவில்லை. நம்பித்தான் சொன்னாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கிருஷ்ணப்பனிடம் போனேன். தலை நரைத்துவிட்டது, கை மட்டும் அதே வெண்ணெய்தான். காளைகளைப் பார்த்துவிட்டு மூன்று விரலைப் பிடித்தான். தலைக்கு முந்நூறு. திரும்பி நடந்து வருகிறபோதே பழைய கணக்கு தானாக ஓடியது. நூற்றெழுபத்தைந்து என்று சொன்னால் இரண்டையும் கொடுத்துவிடுவாள். இருநூற்றைம்பது நமக்கு. சத்தியமாகச் சொல்கிறேன், அப்படித்தான் ஓடியது. எட்டு வருஷம் பேய் பிடித்து ஆட்டியும் புத்தி அந்தப் பக்கமே போகிறது. ராஜமேரிக்குப் பரீட்சைக் கட்டணம் வேறு கட்ட வேண்டும்.

பெண்பிள்ளைகள் கையைத் துண்டுக்குள் பிடிக்கிற வழக்கம் இல்லை. கூட வருகிற ஆம்பளை யாராவது கை கொடுப்பான். அவளுக்கு யாரும் இல்லை. துண்டை வெறுங்கையின்மேல் போட்டுக்கொண்டு என்ன சொல்வதென்று நின்றேன். உள்ளே அவன் வந்துவிட்டான்.

இந்தத் தடவை அழுத்தவில்லை. சும்மா பிடித்துக்கொண்டிருந்தான். அன்றைக்கு “அவ்ளோதானாண்ணா” என்று கேட்டபோது பிடித்திருந்த அதே பிடி. அந்தப் பாதி விரல் என் உள்ளங்கையில் முட்டிக்கொண்டிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

“தலைக்கு முந்நூறும்மா,” என்றேன், வாய்விட்டு. “ஒண்ணக் குடு, போதும். இன்னொண்ண ஓட்டிட்டு வூட்டுக்குப் போ.”

சுற்றி நின்ற தரகர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சந்தையில் விலையை வாயால் சொன்னவன் எவனும் இல்லை. ஒருத்தன் காறித் துப்பினான். ஜமீர் மட்டும் தலையைக் குனிந்துகொண்டார்.

மிக்கேலம்மாள் நம்பாமல் பார்த்தாள். “இந்தப் பஞ்சத்துலயாண்ணா? ஒரு மாட்டுக்கா?”

“ஆமா.”

“பஞ்சத்துல வெல இருக்காதுன்னு அவரு வந்து சொன்னாரே. அன்னிக்கும் இதே பஞ்சந்தான.” சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். கிருஷ்ணப்பனைப் பார்த்தாள். மாட்டைப் பார்த்தாள். படிக்காதவள்தான், ஆனால் கணக்கு அவள் முகத்தில் ஓடுவது எனக்குத் தெரிந்தது. “அன்னிக்கு வாங்குனதும் இவருதானுங்களே. அன்னிக்குத் தலைக்கு என்னாண்ணா?”

எத்தனையோ பொய்யைச் சரளமாகச் சொன்ன வாய், ஒரு உண்மைக்குத் திறக்க மாட்டேன் என்றது. நான் துண்டைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள். பிறகு அத்தனை ஆம்பளைகள் நடுவில் தன் கையைத் துண்டுக்குள் விட்டாள்.

அவளுடைய இரண்டு விரலைப் பிடித்தேன்.

அவள் கையை எடுக்கவில்லை. “எரநூறா?” என்றாள். “ஆசுபத்திரிக்கு எரநூறுதான கேட்டாங்க.” அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். மண்ணை வாரித் தூற்றியிருக்கலாம், நான் நின்று வாங்கியிருப்பேன். அவள் என் பக்கமே திரும்பவில்லை. துண்டுக்குள் அவள் விரல்கள் எதையோ தடவித் தேடின. ஓரிடத்தில் நின்றன. என் கையில் இல்லை. என் விரல் ஐந்தும் முழுசு.

அவள் முகம் மாறியது. குனிந்து, துண்டைப் பார்த்து, வீட்டில் பேசுகிற குரலில் சொன்னாள்.

“கேட்டீங்களா? நான் ஒரு மாட்டத்தாங்க தின்னேன்.”