தவசியின் உதை

போடிநாயக்கனூர் ஏலக்காய்த் தரகர் கோட்டைச்சாமிக்கு வாழ்நாளில் ஒரே ஒரு கப் வேண்டியிருந்தது. தவசி நினைவுக் கப். தவசி இருந்தவரை ஒவ்வொரு மோட்டார் சைக்கிள் பந்தயத்திலும் அவனுக்குப் பின்னால் இரண்டாவதாக வந்தவர் இவர். மலையில் ஒருமுறைகூட விழாத தவசி, மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தான். பந்தயத்துக்கே அவன் பேரை வைத்துவிட்டார்கள். செத்த பிறகும் அவன்தான் முன்னால் போய்க்கொண்டிருந்தான்.

பந்தயம் கழுதைப் பாதையில். ஒரு காலத்தில் கழுதைகள் ஏலமூட்டை சுமந்து இறங்கிய, கல்லும் சரளையுமான வழி. எழுபத்து நான்காம் வருஷம் தவசிதான் அதில் முதன்முதலாக மோட்டார் சைக்கிளை ஏற்றினான். கழுதையே யோசித்துக் காலெடுத்து வைக்கும் இடம். அதைப் பார்த்த சிலமலை, பொட்டிபுரம் ஊர்களின் இளவட்டங்கள் அப்பன்மாரை நச்சரித்து வண்டி வாங்கினார்கள்.

அவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பாதி மலையில் வலப்பக்கம் திரும்பும் ஆனைக்கல் வளைவு வந்ததும் இடது காலால் பின்னுக்கு ஒரு உதை விட்டு, குனிந்து தரையைப் பார்த்துவிட்டுத்தான் திரும்புவார்கள். தவசி அப்படித்தான் செய்தான். அதில்தான் சூட்சுமம் என்று எல்லோரும் நம்பினார்கள்.

அந்தச் சூட்சுமம் என்னவென்று, பின்னாலேயே வந்த கோட்டைச்சாமிக்குத் தெரியும். தவசியின் பழைய வண்டியில் ஸ்டாண்டு ஸ்பிரிங் தொய்ந்து கிடந்தது. வளைவில் துருத்தி நிற்கும் அந்தக் கல்லில் வண்டி ஏறி இறங்கினால் ஸ்டாண்டு தொபுக்கென்று விழும். அதை உதைத்து மேலே தள்ளி, ஏறிவிட்டதா என்று குனிந்து பார்ப்பான். அவ்வளவுதான்.

டீக்கடையில் இதைச் சொல்லியும் பார்த்தார்.

"ரெண்டாவதா வந்தவுக அப்படித்தாண்ணே சொல்லுவாக," என்றான் சுருளிவேல். மூன்று வருஷமாகக் கப்பை வீட்டுக்குத் தூக்கிப் போகிறவன்.

"ஏப்பா, உன் வண்டி ஸ்பிரிங்கு புதுசுதான? பெறகு எதுக்கு உதைக்கிறே?"

"அது தவசியண்ணனுக்கு மரியாதை. நீங்க உங்க சோலியப் பாருங்க."

தரகர் டீக்காசைக் கொடுத்துவிட்டு எழுந்தார். சொத்தைக் காய்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறவனிடம் நல்ல காயைக் காட்டி என்ன பிரயோசனம்?

எண்பத்தைந்தாம் வருஷம் அவருடைய வலது முழங்கால் முரண்டு பிடித்தது. அந்த வருஷத்தோடு வண்டியை விற்றுவிடச் சொல்லிவிட்டார் வைத்தியர். இதை விட்டால் வேறு வாய்ப்பில்லை. கிளம்பும் இடத்தில் வலி கிண்ணென்று தெறித்ததும் தோளில் கிடந்த சிவப்புத் துண்டை உருவி முழங்காலை இறுக்கிக் கட்டினார். வியாபாரிகளின் விரலைத் தொட்டு ரகசியமாக விலை பேசும்போது கையை மூடுகிற துண்டு அது.

ஆனைக்கல் வரை சுருளிவேல்தான் முன்னால். வளைவில் உதைத்தான், குனிந்தான். கோட்டைச்சாமி உதைக்கவில்லை. அவன் நிமிர்வதற்குள் உள்பக்கமாகப் புகுந்து முந்தினார். உச்சிக்கு முதல் ஆளாக வந்தார். பின்னாலேயே வந்த சுருளிவேல் சொன்னதைக் கேட்டு ஒருவரும் கைதட்டவில்லை.

"அண்ணே, நீங்க வளைவுல உதைக்கலையாமே," என்றான் பந்தயம் நடத்தும் அமாவாசை. "கப்பு சுருளிவேலுக்குத்தான்."

"உதைக்கணும்னு எங்கப்பா சட்டம் இருக்கு?"

"சட்டம் வேற, முறை வேற. தவசி பேருல நடக்குற பந்தயத்துல தவசிய மதிக்காட்டி எப்படி?"

வருஷாவருஷம் உச்சியில் நின்று கப் கொடுப்பவள் தவசியின் மனைவி சுந்தரம்மாள். கோட்டைச்சாமி அவளிடமே போனார்.

"நீயே சொல்லு தங்கச்சி. நான் அவன மதிக்காதவனா?"

"எதண்ணே உதைக்கல?" அந்த வளைவில் நின்று அவள் பந்தயம் பார்த்ததே இல்லை.

சுருளிவேல் பக்தியோடு இடது காலைப் பின்னுக்கு உதைத்து, குனிந்து காட்டினான். சுந்தரம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அட கூறுகெட்டவங்களா! அந்த மனுசன் வாசல்லயும் இப்படித்தான் ஸ்டாண்ட ஒதைச்சுக்கிட்டு நிப்பாரு. ஒரு ஸ்பிரிங்கு வாங்கிப் போடுங்கன்னு நான் கத்தாத நாளில்ல. இந்தாங்கண்ணே, கப்பப் பிடிங்க."

மறுவருஷம் கோட்டைச்சாமி ஆனைக்கல் பக்கத்தில் வேடிக்கை பார்க்க நின்றார். வண்டிகள் வந்தன. முதலில் சுருளிவேல். இடது காலால் உதைத்தான், குனிந்தான். பின்னால் வந்தவர்களும் உதைத்தார்கள். அது போகட்டும். அத்தனை பேர் வலது முழங்காலிலும் சிவப்புத் துண்டு.

"அதக் கட்டுனா ஏத்தத்துல ஒரு பிடிமானம் கிடைக்குமாம்ணே," என்றான் பக்கத்தில் நின்ற அமாவாசை. "நீங்க செயிச்சதே அதுலதானாமே?"

கோட்டைச்சாமி முழங்காலைத் தடவிக்கொண்டார். உள்ளபடி சொன்னால் ஒரு பயல் நம்பப்போவதில்லை. தோள் துண்டை உதறிப் போட்டுக்கொண்டார்.

"இன்னும் கொஞ்சம் இறுக்கிக் கட்டச் சொல்லுப்பா," என்றார்.