குண்டுக்கு வைத்த தேக்கு

பர்மாவில், தாமுவேப் பேட்டையில் பழைய மரம் விற்கும் அம்சவேணிக்கு, தேர்த் திருவிழா நெருங்கினாலே பயம் பிடித்துக்கொள்ளும். தேர்ச் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை கொடுத்து நிறுத்துகிறவன் அவள் தம்பி சுரேந்திரன். போன வருஷம் கோயில் முனைச் சரிவில் புளியங்கட்டை சக்கரத்தடியில் இரண்டாகப் பிளந்து, அவன் வலது காலில் இரண்டு விரல் போயிற்று. இந்த வருஷமும் நான்தான் போடுவேன் என்று நிற்கிறான். மிச்ச விரல் போதாதா என்று கேலி வேறு. அவனை மாற்ற முடியாது, கட்டையையாவது மாற்றலாமே என்று அவள் தவித்துக்கொண்டிருந்தாள்.

அந்தச் சமயம் பார்த்து, ஆற்றங்கரையில் இடித்த பழைய கிடங்கு ஒன்றின் மரம் அவள் கடையில் வந்து இறங்கியது. எல்லாம் தேக்கு. ஆனால் வேடிக்கையைப் பாருங்கள், கிடங்குத் தூணில் குழந்தைக் கை நுழைகிற ஓட்டையை யாராவது வரிசையாகப் போடுவார்களா? சில கட்டைகளில் ஒரு பக்கம் மட்டும் இரும்புக் கறை ஏறிக் கரியாய்க் கிடந்தது. சில ஜோடிகளை யாரும் பிரிக்கவே இல்லை. ஒன்றின் மேல் ஒன்று குறுக்காகக் கிடக்க, முழங்கை நீளப் போல்ட்டுகள் இரண்டையும் கோத்துப் பிடித்திருந்தன. அரிசி மில் மரம் என்றார்கள் கூலிக்காரர்கள். பாலம் என்றான் ஒருவன். பாலமானால் ஒரு பக்கம் மட்டும் ஏன் கறுக்கும்? சோறு வடிக்கும்போதும் அவளுக்கு அதே நினைப்பு.

பக்கத்துப் பழைய இரும்புக் கடை தவ்ஹீத், போல்ட்டைப் படம் எடுத்துப் போனில் தேடிக்கொண்டு மறுநாள் வந்தான்.

"அம்சாக்கா, இது வீட்டு மரம் இல்லே. சண்டைக் கப்பலோட விலா."

போனில், பலாப்பழத்தைப் பிளந்த மாதிரி ஒரு கப்பலின் குறுக்குவெட்டு. வெளியே கனத்த இரும்புத் தகடு, அதை ஒட்டிப் படுத்த தேக்கு, அதன்பின் நின்ற தேக்கு, கடைசியில் மெல்லிய இரும்பு. ஓட்டை தகட்டைப் பிடித்த போல்ட்டுக்கு, கறை தகடு ஒட்டிய பக்கத்தில். விக்டோரியா ராணி காலத்துச் சங்கதி. இரும்பு இருக்க மரம் எதற்கு என்று அவள் கேட்டாள். குண்டு பட்டால் இரும்பு அதிர்ந்து தெறிக்குமாம், அந்த அதிர்வை வாங்கிக்கொள்ளத்தான் மரமாம். அதற்கு நம் மௌல்மீன் தேக்கையும் ஏற்றிப் போனார்களாம்.

இத்தனை பந்தோபஸ்தும் கொஞ்ச காலத்துக்குத்தான். கவசம் தடிக்கத் தடிக்கப் பீரங்கி பெருத்தது, பீரங்கி பெருக்கப் பெருக்கக் கவசம் தடித்தது. மாமியார் மருமகள் போட்டிதான். தோற்ற கப்பலின் பாய்மரத்தையும் பீரங்கியையும் கழற்றி, ஏதாவது துறைமுகத்தில் கரி கொட்டி வைக்க நிறுத்தி, கடைசியில் உடைத்து விற்பார்கள். இது எந்தக் கப்பல், எப்படி இங்கே திரும்பியது என்பது தவ்ஹீதுக்கும் தெரியவில்லை.

ஒன்று படுத்தும் ஒன்று நின்றும் ஏன் என்பதை மட்டும் அம்சவேணியே கண்டுகொண்டாள். விறகு பிளந்த கைக்குத் தெரியாதா? மரம் ரேகை போகிற வழியில்தான் பிளக்கும். அடியில் இருப்பதன் ரேகை குறுக்கே போனால், பிளவு எங்கே ஓடும்? அன்றே போல்ட்டு கழலாமல் இரண்டு ஜோடியை ஆப்பு வடிவில் அறுக்கச் சொல்லிவிட்டாள்.

கோயில் தர்மகர்த்தா விநாயகமூர்த்தி ஒப்பவில்லை. முட்டுக்கட்டைக்குத் தேக்கா என்றார். அதுவும் சண்டைக் கப்பல் மரம், எத்தனை உயிர் குடித்ததோ, சாமி தேருக்கு ஆகாது என்றார். அம்சவேணி கட்டையைப் புரட்டிக் கறுத்த முகத்தைக் காட்டினாள்.

"ஐயா, இது அடிக்க வெச்ச மரம் இல்லே. அடி வாங்க வெச்சது. சக்கரத்துக்குப் பக்கத்துலே என் தம்பி நிக்கிறான்."

அவர் ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தார். பிறகு, மஞ்சள் தண்ணீர் தெளித்துக் கொண்டுவா என்றார்.

திருவிழா அன்று அதே சரிவில் தேர் வேகம் பிடித்தது. சுரேந்திரன் லோஞ்சியை மடித்துக் கட்டி, குனிந்து கட்டையைத் தள்ளினான். சக்கரம் அதன்மேல் ஏறியது. மடாரென்று ஒரு சத்தம். அம்சவேணி கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது தேர் நின்றிருந்தது, தம்பியும் நின்றிருந்தான்.

தேர் நிலைக்கு வந்ததும் கட்டையை எடுத்து விரலால் தடவினாள். மேல் மரம் நீளமாக வெடித்திருந்தது. வெடிப்பு குறுக்கு மரம் வரை வந்து, அங்கேயே நின்றுவிட்டது. குண்டுக்கென்று வைத்த மரம் கடலில் எப்போதாவது அடி பட்டதோ இல்லையோ, யார் கண்டார்கள்.

"அக்கா, இன்னும் எத்தனை ஜோடி இருக்கு?" என்றான் சுரேந்திரன், செருப்பைத் தேடியபடி.

"நீ கிழவனாகுற வரைக்கும் இருக்கு. முதல்ல காலைக் காட்டு" என்றாள் அவள்.