முனியாயியின் ஜெபம்

காளவாசலுக்கு மேற்கே செங்கல் சூளைகளில் வேலை பார்த்த கிறிஸ்தவ சனங்களுக்கென்று ஒரு சின்னக் கோயில் இருந்தது. மண் சுவர், கீற்றுக் கூரை. சபையை நடத்தியவர் ஞானாபரணம் உபதேசியார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஆண்டவருக்கு எது பிடிக்கும், எது பிடிக்காது என்பது தமக்குத்தான் தெரியும் என்ற நினைப்பு அவருக்குக் கொஞ்சம் கூடுதல். அவருக்கு அறவே ஆகாதது ஒப்பாரி. கிறிஸ்தவர் வீட்டில் சாவு விழுந்தால் மாரடிக்கக் கூடாது, முடியை அவிழ்க்கக் கூடாது, கீர்த்தனைதான் பாட வேண்டும் என்பது சபைக் கட்டளை.

அந்தக் கட்டளையில்தான் முனியாயி மாட்டினாள். ஞானஸ்நானத்தில் அவளுக்கு வைத்த பெயர் மார்த்தாள். உபதேசியாரைத் தவிர யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. கிறிஸ்தவ வேதத்துக்கு வருமுன், சுற்றுவட்டாரத்தில் எந்த வீட்டில் எழவு என்றாலும் ஒப்பாரி வைக்க முதலில் அவளுக்குத்தான் ஆள் வரும். அவள் குரலெடுத்தால் பங்காளிச் சண்டையில் முறைத்துக்கொண்டு நிற்பவன்கூடத் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுவான்.

முப்பத்தைந்தாம் வருஷக் கோடையில் காலரா வந்தது. முனியாயிக்கும் அவள் புருஷன் சுருளிக்கும் இருந்த ஒரே மகள் ஜெயக்கொடியைக் காலையில் பிடித்த பேதி, பொழுது சாய்வதற்குள் கொண்டுபோய்விட்டது. பாயில் கிடத்திய பிள்ளையின் பக்கத்தில் முனியாயி முடியை அவிழ்த்தாள்.

"மார்த்தாள்! நம்பிக்கையத்த சனங்க மாதிரி அழாத. பாடு" என்றார் உபதேசியார்.

அவள் பாடினாள். சொல்லிக் கொடுத்த அடிகளைச் சொல்லிக் கொடுத்த ராகத்தில் பாடினாள். பிள்ளையைச் சபைக் கல்லறைத் தோட்டத்தில் புதைத்தார்கள். ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. அடுத்த ஞாயிறு உபதேசியார் பிரசங்கத்தில் அவளைக் கை காட்டி, விசுவாசம் என்றால் இதுதான் என்றார். முனியாயி குனிந்த தலை நிமிரவில்லை. நெஞ்சுக்குள் எல்லாம் கட்டிப்போய்விட்டது என்பது அந்த மனுஷனுக்கு எங்கே தெரியப் போகிறது!

பிரசங்கம் முடிந்ததும் யாராவது ஒருவரை எழுந்து ஜெபிக்கச் சொல்வது அங்கே வழக்கம். கொஞ்ச நாள் கழித்து அவள் முறை வந்தது.

"அன்பும் இரக்கமும் நிறைந்த பரலோகப் பிதாவே" என்று எல்லோரையும் போலத்தான் ஆரம்பித்தாள். அதற்கு மேல் வரவில்லை. அப்படியே பாயில் உட்கார்ந்தாள். முக்காடு நழுவியது. குரல் கிளம்பியது.

"பெத்த மகனைச் சாகக் குடுத்தவரே – எஞ்சாமி
பிள்ளை அருமை தெரிஞ்சவரே
மூணா நாளு ஒம்ம மகன் எந்திரிச்சான் – எஞ்சாமி
மூடுன மண்ணுல எம் மக படுத்திருக்கா
எழுப்பத்தான் மாட்டீரு, போகட்டும் – எஞ்சாமி
இருட்டுக்குப் பயப்படுவா, கூடவாச்சும் இரும்!"

பெண்கள் பக்கம் முழுக்க நகர்ந்து வந்து அவளைக் கட்டிக்கொண்டு அழுதது. அந்தக் கோடையில் யார் வீட்டில்தான் சாகவில்லை? உபதேசியார் மணியை அடித்தார், உரக்கப் பாட்டெடுத்தார். ஒன்றும் எடுபடவில்லை. அந்தக் கூரைக்குள் மனசு திறந்து ஒருத்தர் ஆண்டவரிடம் பேசியது அன்றைக்குத்தான் என்பேன்.

மறு ஞாயிறு சபை கூடித் தீர்ப்புச் சொன்னது. அழுத பெண்கள் எல்லோரும் முழங்காலிட்டு, "அது ஜெபமல்ல, பாவம்" என்று சொல்ல வேண்டும். சொல்லாதவர்களுக்குச் சபையில் இடமில்லை, செத்தால் கல்லறைத் தோட்டத்திலும் இடமில்லை. ஒவ்வொருத்தியாகச் சொன்னார்கள். முனியாயி முழங்காலிட்டாள், வாய் திறக்கவில்லை.

பின்னாலிருந்து சுருளி கெஞ்சினான். "ஒரு வார்த்தைதான புள்ள. சொல்லிரு. நாளைக்கு நம்ம மக பக்கத்துல படுக்க வேணாமா?"

அவள் உபதேசியாரைப் பார்த்தாள். "ஐயா, இம்புட்டு நாளா நீங்க சொல்லிக் குடுத்ததைத்தான் சொன்னேன். அது அவரு காதுல விழுந்துச்சோ என்னமோ, என் காதுலயே விழல. அன்னைக்கு ஒரு நாதான் அவருகிட்டப் பேசுனேன். அதைப் பாவம்னு அவரு முன்னாடியே பொய் சொல்லச் சொல்றீகளா?"

உபதேசியாருக்கு முகம் சிவந்தது. "அப்ப வெளிய போ."

அவள் எழுந்து போனாள். சுருளி வாசல் வரை பின்னாலேயே ஓடினான். படியில் நின்றுவிட்டான்.

"நான் வரல புள்ள" என்றான். "நம்மள்ல ஒருத்தராச்சும் அவ பக்கத்துல கெடக்கணும்ல."

முனியாயி திரும்பினாள். "ஆமா. நீ இரு" என்றாள். அவளுக்கு அவன்மேல் கோபமே வரவில்லை. தனியாகச் சூளைப் பக்கம் நடந்தாள்.

சுருளி உள்ளே போய் அவள் விட்ட இடத்தில் முழங்காலிட்டான். மனைவி செய்தது பாவம் என்று சொல்லச் சொன்னார்கள், சொன்னான். அதற்கப்புறம் சாகிற வரைக்கும் ஒரு ஞாயிறுகூட அவன் தவறவில்லை. எல்லோருக்கும் முன்னால் வந்து உட்காருவான், எல்லாப் பாட்டும் பாடுவான், ஆமென் சொல்லுவான். அதில் ஒரு வார்த்தைகூட ஆண்டவருக்குச் சொன்னதில்லை.