அம்மா எழுதிய சனிக்கிழமை

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்றால் குன்று ஏறும் நாள். மற்ற பிள்ளைகள் கடற்கரைக்குப் போனார்கள், பூங்காவுக்குப் போனார்கள். நாங்கள் ஒரு மூங்கில் கழி, இருபது மீட்டர் செம்புக் கம்பி, ஒரு கார் பேட்டரி, ஒரு நாய் எல்லாவற்றையும் அப்பா ஓட்டுகிற பள்ளி வேனில் ஏற்றிக்கொண்டு, ஊருக்கு வெளியே எது உயரமாகத் தெரிகிறதோ அதன் உச்சிக்குப் போனோம். விடிவதற்கு வெகு முன்பே, மூன்று மணிக்கே கிளம்ப வேண்டும். விடிகிற நேரத்தில்தான் தூரத்து நாடுகள் நன்றாகக் கேட்கும் என்பாள் அம்மா.

அம்மாவுக்கு அமெச்சூர் ரேடியோ. அரசாங்கத்தின் தேர்வு எழுதி, உரிமமும், பெயருக்குப் பதிலாகச் சொல்லத் தனக்கென்று ஓர் அழைப்புக்குறியும் வாங்கி, கண்ணால் பார்க்காத ஆட்களோடு வானலை வழியே பேசுகிற பொழுதுபோக்கு. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். எரிந்துபோன மோட்டார்களுக்குச் செம்புக் கம்பியால் காயில் சுற்றுவது அவள் பிழைப்பு. வீட்டு முன்னறைதான் பட்டறை. ஒருமுறை ஒருவர் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றைச் சுற்றக் கொண்டுவந்தார். எதற்கு இது என்று கேட்டவள், பதில் கிடைக்கும்வரை அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அவருடைய ரேடியோவுக்காம். அங்கே ஆரம்பித்தது. ஆங்கிலக் கேள்வி பதில் புத்தகத்தை அர்த்தம் தெரிந்த பாதி, தெரியாத பாதி என்று மொத்தமாக மனப்பாடம் செய்து, இரண்டாவது தடவையில் தேறினாள்.

அவள் இரண்டு கைக்கடிகாரம் கட்டுவாள். இடது கையில் நம் நேரம், வலது கையில் உலக நேரம். ரேடியோக்காரர்கள் எந்த நாட்டில் இருந்தாலும் ஒரே கணக்கில் எழுதுவதற்கு என்று வைத்துக்கொண்ட நேரம் அது. பள்ளிக்கு அவள் வரும்போதெல்லாம் வலது கையைப் புடவைக்குள் மறைத்துக்கொள்ளச் சொல்லி நச்சரிப்பேன்.

"உங்கம்மாவுக்கு ரெண்டு நேரம் இருக்கு," என்பார் அப்பா. "எனக்குத்தான் ரெண்டுலயும் ஒதுக்கீடு இல்ல."

"ஏங்க, கழியைப் பிடிங்க முதல்ல. வளையுது."

"பிடிக்கிறேன் ஆபரேட்டரம்மா."

நாயின் பெயர் ஓவர். நாங்கள் வைத்ததில்லை, அதுவே வைத்துக்கொண்டது. அம்மா ஒவ்வொரு முறையும் பேசி முடித்து "ஓவர்" என்றதும், யாரோ தன்னைத்தான் கூப்பிட்டதாக எங்கிருந்தாலும் ஓடிவந்து ஒரு குரைப்புக் குரைக்கும். அந்தக் குரைப்பு எத்தனை நாட்டுக்குப் போயிருக்கும் என்று கணக்கில்லை. வீட்டில் ஒரு பூனையும் இருந்தது. ரேடியோவின் பவர் சப்ளை பெட்டி சூடாக இருக்கும் என்பதற்காக மட்டும் அது இந்தப் பொழுதுபோக்கை ஆதரித்தது.

உச்சியில் காற்று பிய்த்துக்கொண்டு போகும். அப்பா ஏரியல் கம்பி மாட்டிய கழியைக் கல்லிடுக்கில் நட்டுக் கயிறு கட்டுவார். நான் அவித்த முட்டையும் ரொட்டியும் தின்றுகொண்டு, பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுப்பேன். அம்மா வேனின் பின்கதவைத் திறந்து, அதன் விளிம்பில் சம்மணம் போட்டு, ஹெட்போனை மாட்டிக்கொள்வாள். அதற்குப் பிறகு அவள் எங்கள் அம்மா இல்லை. கண்ணை மூடி, ஒரு விரலால் குமிழைத் துளித்துளியாகத் திருப்பி, இரைச்சலுக்குள் ஆளைத் தேடுகிற ஒரு பெண். அந்த முகத்தை அப்போது நான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதுகூட எனக்கு இப்போதுதான் தெரிகிறது. அன்றைக்கு முட்டை ஓட்டை எங்கே போடுவது என்பதுதான் என் கவலை.

நூறு நாடுகளோடு பேசியதற்கு ஒரு சான்றிதழ் உண்டு. பேசினேன் என்று வாயால் சொன்னால் போதாது. பேசிய நாள், நேரம், அழைப்புக்குறி எல்லாம் எழுதி ஓர் அட்டை அனுப்ப வேண்டும். அந்தப் பக்கத்து ஆள் தன் பதிவேட்டைப் பார்த்து, ஒத்துப்போனால் தன் அட்டையை அனுப்புவார். பத்து வருஷத்தில் அம்மா தொண்ணூற்றொன்பது அட்டை சேர்த்திருந்தாள்.

நான் பள்ளி இறுதித் தேர்வு எழுதிவிட்டு வீட்டில் இருந்த கோடையில் நூறாவது வந்தது. நடுக்கடலில் ஆள் வசிக்காத ஒரு தீவு; சான்றிதழ்க் கணக்கில் அதுவும் ஒரு நாடு. ரேடியோக்காரர்கள் சிலர் கூடாரம் போட்டு இரண்டே வாரம் தங்கி, உலகத்தோடு பேசிவிட்டுத் திரும்பிவிடுவார்கள். இன்னொரு முறை எப்போது என்று யாருக்கும் தெரியாது. ஒரு ஞாயிறு விடியலில், குன்றின் மேல், அம்மா தன் அழைப்புக்குறியை நாற்பது தடவையாவது சொல்லியிருப்பாள். தொண்டை கட்டிப்போனது. திடீரென்று நிமிர்ந்தாள். வலது கைக் கடிகாரத்தைப் பார்த்தாள். நோட்டில் எழுதினாள். ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, "கேட்டுட்டான்," என்றாள். "என் குறியைத் திருப்பிச் சொன்னான். ஒரு எழுத்து தப்பில்லாம."

ஹெட்போன் இருந்தது அவள் காதில் மட்டும். வேறு சாட்சி கிடையாது.

அந்த வருஷம் நான் கல்லூரியில் சேர்ந்தேன். எங்கள் பரம்பரையில் அந்த வாசலை முதலில் மிதித்தவள். என்னென்ன தெரிந்ததோ இல்லையோ, வீட்டில் இருப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்பது மட்டும் முதல் மாதத்திலேயே தெரிந்துவிட்டது. அப்பாவின் உச்சரிப்பைத் திருத்தினேன். அம்மா காபி ஆற்றும் விதத்தைக்கூடத் திருத்தினேன். சான்றிதழுக்கு விண்ணப்பிக்கப் பதிவேட்டைச் சுத்தமாக எழுதித் தரச் சொன்னார்கள் ரேடியோ கிளப்பில் என்று அம்மா அவளுடைய பழைய நோட்டை எடுத்துவந்தபோது, எனக்கு ஒரே குஷி.

அட்டை கழன்ற நோட்டு. காயில் சுற்றும் வார்னிஷ் கறை. நெளிந்த ஆங்கில எழுத்துகள். அதில் ஒரு பெரிய தப்பையும் கண்டுபிடித்தேன். நாங்கள் குன்றுக்குப் போனது ஞாயிற்றுக்கிழமை. அம்மா சனிக்கிழமைத் தேதி போட்டிருந்தாள். முந்தைய வாரமும் அப்படியே. விடிகாலையில் பேசியது எல்லாவற்றுக்கும் ஒருநாள் முந்திய தேதி. தேதிகூட ஒழுங்காகப் பார்த்து எழுதத் தெரியவில்லை என்று தலையில் அடித்துக்கொண்டேன். புதிய நோட்டில், சிவப்பு மையால் கோடு போட்டு, நேரத்தை அவள் எழுதியபடியே எழுதி, தேதியை மட்டும் எல்லா இடத்திலும் திருத்தினேன். அந்தக் கோடையின் அட்டைகளையும் நானே எழுதினேன். அம்மா அந்த நோட்டைக் கையில் வைத்துத் தடவிப் பார்த்தாள்.

"அச்சடிச்ச மாதிரி இருக்குடி."

"பழசைத் தூக்கிப் போட்டுடவா?"

"உனக்குத்தான் தெரியும்."

பழைய நோட்டின் தாள்களைக் கிழித்துப் பூனையின் மணல் தட்டுக்கு அடியில் விரித்தேன்.

விடிகாலை அட்டைகள் நான்கு போயின. நான்கும் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன, அந்த வருஷம் முழுக்க. தீவுக்குப் போனது கடைசியாக வந்தது. குறுக்கே முத்திரை: பதிவேட்டில் இல்லை.

ரேடியோ கிளப்பின் செயலாளர் பத்துப் பேர் நடுவில் அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். "அம்மா, காதுல விழுறதெல்லாம் நம்மளத்தான் கூப்பிடுதுன்னு நெனைச்சா எப்படி? இதுக்கெல்லாம் ஒரு பயிற்சி வேணும்ல?"

யாரோ சிரித்தார்கள். அம்மா அட்டையைத் திருப்பி வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு, "ஆமாங்க," என்றாள்.

வேனில் திரும்பும்போது, "காது போச்சு போல," என்றாள் அப்பாவிடம். "மோட்டார் சத்தத்துலயே கெடந்து கெடந்து. ஒண்ணுன்னா தப்பு நடக்கும். நாலும் எப்படிங்க?"

"சளி பிடிச்சிருக்கும்," என்றார் அப்பா. அன்றைக்கு அவருக்கு வேறு நகைச்சுவை வரவில்லை.

அதோடு நின்றது. ரேடியோவின் மேல் ஒரு துண்டு விழுந்தது, துண்டின் மேல் பூனை. குன்றுக்குப் போகும் ஞாயிறுகள் துணி துவைக்கும் ஞாயிறுகள் ஆயின. யாராவது கூப்பிட்டு இவள் காதில் விழாவிட்டால், "பாத்தியா," என்பாள். இரண்டு வருஷம் கழித்து நாய் செத்தது. கொல்லையில் புதைத்தோம். நான் ஆறு வருஷம் அந்தச் செயலாளரை வெறுத்தேன். பேருந்தில் நின்றுகொண்டு, அவருக்குச் சொல்ல வேண்டிய பதில்களை மனசுக்குள் விதவிதமாகத் தயாரித்தேன். படித்த திமிர், ஆண் என்கிற திமிர் என்று ஒவ்வொன்றாகப் பெயர் வைத்தேன்.

இந்த வருஷம் கப்பல் சரக்கு அலுவலகம் ஒன்றில் வேலை கிடைத்தது. இரண்டாம் வாரமே என் மேசைக்கு மேலாளர் வந்தார். விடிகாலையில் துறைமுகம் சேர்ந்த ஒரு கப்பலை நான் கணினியில் ஏற்றியிருந்தேன்.

"நேரம் உலக நேரம் போட்டிருக்கீங்க. தேதி நம்ம ஊர்த் தேதி. நமக்கு ஞாயித்துக்கிழமை காலை அஞ்சரை ஆகுற வரைக்கும் உலகக் கணக்குல இன்னும் சனிக்கிழமை முடியலைங்க. ஒரு நாள் முழுசா தள்ளிப் போயிடுச்சு. இந்தக் கப்பலைத் தேடினா யாருக்குக் கிடைக்கும்?"

"சரி சார்," என்றேன். எழுந்து கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். என் அழகான சிவப்புக் கோடுகள் ஒவ்வொன்றும் கண்ணுக்கு முன்னால் வந்தது. அதுவரை அம்மா எழுதி அனுப்பிய தொண்ணூற்றொன்பதும் வந்துசேர்ந்தன. நான் கை வைத்த நான்கும் திரும்பின. பட்டம் வாங்கியவளுக்கு இந்தக் கழித்தல் ஆறு வருஷமாகத் தெரியவில்லை.

சொல்லாமல் விட்டிருக்கலாம். அந்த வாரம் முழுக்க அதற்கும் காரணம் தேடினேன். பழைய கதை, அவள் மறந்திருப்பாள், இப்போது கிளறினால் யாருக்கு லாபம். வெள்ளிக்கிழமை அப்பா கூப்பிட்டதற்கு அம்மா திரும்பாமல், பிறகு தானே காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அதற்கு மேல் முடியவில்லை.

ஞாயிறு காலை முன்னறைக்குப் போனேன். அம்மா கையால் சுழற்றும் இயந்திரத்தில் காயில் சுற்றிக்கொண்டிருந்தாள். உதடு சுற்றுகளை எண்ணிக்கொண்டிருந்தது. எண்ணும்போது பேசக் கூடாது, அது வீட்டுச் சட்டம். நின்றேன். நானூற்றிருபதில் நிறுத்திக் கம்பியை வெட்டினாள்.

"என்னடி, தூண் மாதிரி நிக்கிற?"

சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. கப்பல், தேதி, நான்கு அட்டை, மணல் தட்டு வரைக்கும் சொன்னேன்.

கேட்டு முடித்துவிட்டு அவள் முதலில் கேட்டது: "அப்ப அவன் என்னைக் கூப்பிட்டது நிஜம்தான்?"

"நிஜம்தாம்மா."

"காது நல்லாத்தான் இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு."

ஒரு நிமிஷம் முகம் அப்படியே மலர்ந்தது. குன்றின் மேல் பார்த்த அதே ஆள். பிறகு அது மூடிக்கொண்டது.

"தேதி தப்புன்னு தோணிச்சுல்ல. ஏன் சனிக்கிழமைன்னு எழுதியிருக்கேன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே? பக்கத்து ரூம்லதானே இருந்தேன்."

நான் அவள் வெட்டிய கம்பித் துண்டை எடுத்து வளைத்தேன்.

"ஏன் கேக்கல? சொல்லு."

பொய் வாய் வரைக்கும் வந்தது. அவசரம், பரீட்சை என்று எத்தனையோ. "உனக்குத் தெரியாதுன்னு நெனைச்சேன்," என்றேன்.

அம்மா தலையை ஆட்டினாள். இயந்திரத்தில் அடுத்த காயிலை மாட்டினாள். ஒன்று, இரண்டு என்று இந்த முறை சத்தமாக எண்ண ஆரம்பித்தாள். நான் வெளியே வந்தேன். வாசலில் வேனைக் கழுவிக்கொண்டிருந்த அப்பா எல்லாவற்றையும் கேட்டிருந்தார்.

"கத்தினாளா?"

"இல்லப்பா."

"அப்ப சரியா மாட்டின," என்று தண்ணீர்க் குழாயை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார்.

அம்மா மூன்று நாள் என்னிடம் பேசவில்லை. நான்காம் நாள் மாலை, சாப்பாட்டு மேசையில் ஒரு வெள்ளை அட்டையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளே எழுதினாள், நெளிந்த எழுத்தில், சனிக்கிழமைத் தேதி போட்டு. தேதியும் நேரமும் அவளுக்கு மனப்பாடம். ஆறு வருஷமாக எந்தத் தாளும் இல்லாமல். கூட ஒரு கடிதமும் வைக்கச் சொன்னாள். அதை மட்டும் நான் எழுதினேன்: தேதியை மாற்றியது ஆபரேட்டர் அல்ல, அவருடைய மகள்.

ஏழு வாரம் ஆனது பதில் வர. தபால்காரர் நீட்டியதும் நான்தான் வாங்கினேன், ஆனால் உறையைத் தொடவில்லை. அம்மா கத்தரிக்கோலால் ஓரத்தை வெட்டினாள். கூடாரமும் கடலும் படம் போட்ட அட்டை. அவள் அழைப்புக்குறி. அவள் சொன்ன நேரம். அவள் எழுதிய சனிக்கிழமை.

"வாம்மா, கிளம்பு," என்றேன். "அந்தச் செயலாளர் மூஞ்சியில கொண்டுபோய் ஒட்டிட்டு வரலாம்."

"எதுக்கு? அவர்கிட்ட காட்டவா நான் தொண்டை கிழியக் கத்தினேன்?" அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அவராவது என் காதைத்தான் சந்தேகப்பட்டாரு."

அடுத்த ஞாயிறு அப்பா யாரும் சொல்லாமலே வேனை எடுத்து நிறுத்தினார். பூனை துண்டோடு சேர்த்து இறக்கி வைக்கப்பட்டது. அரை மணி நேரம் எங்களை வைது தீர்த்தது. குன்றில் புதிதாக வேலி போட்டிருந்தார்கள், ஆனாலும் மேலே போக வழி இருந்தது. பேட்டரியை நான் தூக்கினேன். அம்மா ஹெட்போனை மாட்டினாள். கொஞ்ச நேரத்தில் யாரோ பதில் சொன்னார்கள் போலிருக்கிறது, அவள் தோள் மாறியது. பழக்கத்தில் நான் நோட்டை எடுக்கக் கை நீட்டினேன்.

அவள் கண்ணைத் திறக்காமலே நோட்டைத் தன் தொடைக்கு அடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"நீ போய் அப்பாகூடக் கழியைப் பிடி," என்றாள்.

போய்ப் பிடித்தேன். காற்று பலமாக இருந்தது, இரண்டு பேர் தேவைப்பட்டார்கள்.